வீட்டு குரூப்: கேட்ஸ் ஆடாத காலேஜ் ஃபுட்பால்

கார்த்தி அண்ணன்: [போட்டோ]
ஒஹையோல கேன்டன் வந்திருக்கோம், அமெரிக்கன் ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம். பெரிய ஆட்டக்காரங்களைக் கௌரவிக்கிற இடம். இது ஆன்டோனியோ கேட்ஸோட வெண்கலச் சிலை. 2025-லதான் உள்ள சேத்தாங்க.

மாலா அத்தை: யாருப்பா இது? சினிமாக்காரனா?

நான்: இல்ல அத்தை, டைட் எண்ட். டெய்லர் ஸ்விஃப்ட்டோட ஆளு கெல்சி இருக்காருல்ல, அவர் ஆடுற அதே இடம்.

பெரியப்பா: அந்த இடத்துல நின்னு என்ன பண்ணணும்?

கார்த்தி அண்ணன்: லைன் ஓரத்துல நிக்கணும் பெரியப்பா. ஒரு தடவை எதிர்ல நிக்கிற மலை மாதிரி ஆளை முட்டித் தள்ளணும். அடுத்த தடவை அவனைத் தாண்டி ஓடிப்போய் பாஸ் பிடிக்கணும். ரெண்டும் தெரிஞ்சவன் கெடைக்கிறது கஷ்டம்.

பெரியப்பா: சரி, இவன் எந்த காலேஜ்ல ஆடினான்?

கார்த்தி அண்ணன்: அதான் விஷயமே. காலேஜ்ல ஒரு ஃபுட்பால் மேட்ச்கூட ஆடல 😄 ஆடினது பாஸ்கெட்பால்.

பெரியப்பா: சும்மா கதை விடாத. முப்பது வருஷம் பி.டி. வாத்தியாரா இருந்தவன்கிட்டயே.

கார்த்தி அண்ணன்: சத்தியமா! டெட்ராய்ட் பையன். ஸ்கூல்ல ரெண்டும் ஆடினான். மிச்சிகன் ஸ்டேட் காலேஜ்ல சேந்தா, அப்போ அங்க ஃபுட்பால் கோச் நிக் சேபன். ஃபுட்பால் மட்டும் ஆடுன்னாரு. இவனுக்கு ரெண்டும் வேணும். கெளம்பிட்டான். ரெண்டு மூணு காலேஜ் மாறி கடைசில இங்க பக்கத்துல கென்ட் ஸ்டேட். சேபன் படிச்சதும் அதே கென்ட் ஸ்டேட்தான்!

நான்: 😂😂 சுத்திச் சுத்தி அவர் வீட்டுக்கே போயிருக்கான்

கார்த்தி அண்ணன்: 2002 என்சிஏஏ, அதாவது காலேஜ் பாஸ்கெட்பால் போட்டில கென்ட் ஸ்டேட்டுக்கு அவங்க பிரிவுல 10-வது ரேங்க்தான். யாரும் கண்டுக்கல. ஓக்லஹோமா ஸ்டேட், அலபாமா, பிட்ஸ்பர்க் மூணு பேரையும் சாய்ச்சிட்டு கடைசி எட்டுக்குள்ள வந்தாங்க. இண்டியானாகிட்டதான் தோத்தாங்க.

பெரியப்பா: அப்புறம் என்பிஏ போக வேண்டியதுதானே?

கார்த்தி அண்ணன்: உயரம் 6 அடி 4 அங்குலம். ரிங்குக்குக் கீழ ஆடுறவனுக்கு அது பத்தாதுன்னுட்டாங்க. டீமுங்க காலேஜ் பசங்களை வரிசையா எடுக்கிற ஃபுட்பால் டிராஃப்ட்லயும் 2003-ல ஏழு ரவுண்ட்லயும் பேர் இல்ல. சான் டியேகோ சார்ஜர்ஸ் டீம்தான் டிராஃப்ட்டுக்கு வெளிய சேத்துக்கிட்டாங்க. மறு வருஷமே 13 டச்டவுன் (எதிராளி கடைசிக் கோட்டுக்குள்ள பந்தைக் கொண்டு போறது, நம்ம கோல் மாதிரி). ஒரு சீசன்ல எந்த டைட் எண்டும் அதுவரைக்கும் அவ்வளவு அடிச்சதில்ல.

மாலா அத்தை: ஒரே வருஷத்துல எப்படிப்பா கத்துக்கிட்டான்?

பெரியப்பா: மாலா, நான் சொல்றேன். பாக்ஸ் அவுட்!! ரீபவுண்ட், அதான் ரிங்குல பட்டுத் திரும்புற பந்தை எடுக்கிறப்போ பந்தைப் பாத்து ஓடக்கூடாது. எதிராளியை முதுகால அணைச்சு இடத்தைப் பிடிச்சிக்கணும். பஸ்ல துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி. அப்புறம் பந்து நமக்குத்தான். அதைத்தான் இவன் அங்க கொண்டு போயிருப்பான்.

கார்த்தி அண்ணன்: கரெக்ட் பெரியப்பா 👏 அதேதான். பிலிப் ரிவர்ஸ்னு அந்த டீமோட குவார்ட்டர்பேக், பாஸ் போடுறவர். கேட்ஸ் முதுகுல ஆள் ஒட்டிட்டு இருந்தாலும் தைரியமா மேல தூக்கிப் போடுவார். ரெண்டு பேரும் சேந்து மட்டும் 89 டச்டவுன்.

பெரியப்பா: மொத்தம்?

கார்த்தி அண்ணன்: 116. டைட் எண்ட்ல அதான் ரெக்கார்ட். முன்னாடி டோனி கன்சாலஸ் 111. அவரும் கலிபோர்னியா யூனிவர்சிட்டில ஃபுட்பாலோட பாஸ்கெட்பாலும் ஆடினவர்தான். 2017 செப்டம்பர்ல மயாமிக்கு எதிரா கேட்ஸ் 112 அடிச்சு முந்தினார். அன்னைக்கு மேட்ச் என்னமோ தோத்துட்டாங்க.

மாலா அத்தை: கப்பு எத்தனை?

கார்த்தி அண்ணன்: ஒண்ணுகூட இல்ல அத்தை. 16 சீசனும் ஒரே டீம், ஃபைனல், அதான் சூப்பர் பௌல் மேட்ச்ல காலே வைக்கல. 2007 சீசன்ல அரையிறுதி வரைக்கும் போனாங்க. கால் பெருவிரல் பிசகின நிலைமையிலயும் இவர் ஆடினார், ரிவர்ஸ் முழங்கால் ஜவ்வு கிழிஞ்சும் ஆடினார். நியூ இங்கிலாந்துகிட்ட போச்சு.

நான்: 2015-ல ஊக்கமருந்து விதியை மீறினதா நாலு மேட்ச் தடை வாங்கினதையும் சொல்லுண்ணா. நல்லதை மட்டும் சொல்ற.

கார்த்தி அண்ணன்: ஆமா, அதுவும் உண்டு. 2024-ல முதல் தடவை பேர் வந்தப்போ ஹால் ஆஃப் ஃபேம்ல எடுக்கல. அடுத்த வருஷம்தான் எடுத்தாங்க.

பெரியப்பா: தடை தப்புதான். ஆனா அந்தக் கால் வேலை மருந்துல வராது. 2004 ஆட்டம் வீடியோ இருந்தா அனுப்பு, கால் எங்க வைக்கிறான்னு பாக்கணும்.

மாலா அத்தை: லிங்க்கா அனுப்புப்பா. வீடியோவா வந்தா என் போன் ரொம்பிடுது.