மறு: ‘கான்ஃபிக் ஹோம்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

நிரல்கள் பயனரின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் அடைவுதான் (கோப்புறை) ‘கான்ஃபிக் ஹோம்’; மொழிபெயர்ப்பில் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் இந்த இழையின் கேள்வி. இழையை முழுக்கப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒவ்வொன்றாக வருகிறேன்.

> கான்ஃபிகரேஷனுக்கு ‘உள்ளமைவு’ இருக்கிறது, டைரக்டரிக்கு ‘அடைவு’ இருக்கிறது. சேர்த்து எழுதினால் முடிந்தது. புதுச்சொல் எதற்கு?

சேர்க்கலாம், தப்பில்லை. ஆனால் நம் முன்னால் இருப்பது ஒரே ஒரு அடைவு அல்ல. லினக்ஸ் மேசைத்தளங்களுக்குப் பொது விதிகள் வகுக்கும் ஃப்ரீடெஸ்க்டாப்காரர்களின் அடிப்படை அடைவு வரையறையில் கான்ஃபிக், டேட்டா, கேஷ் மூன்றும் முன்பே இருந்தன. ஸ்டேட் மட்டும் 2021இல், 0.8 பதிப்பில்தான் வந்து சேர்ந்தது. நிரல் ஓடும்போது மட்டும் தேவைப்படும் இயங்குநேர அடைவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த நான்குக்கும் பெயர் வைக்கும்போது ஒன்றைப் பார்த்தால் மற்றது நினைவுக்கு வர வேண்டும்.

ஏன் நான்காகப் பிரித்தார்கள்? அழித்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் விளங்கிவிடும். கேஷை, அதாவது வேகத்துக்காக எடுத்து வைத்திருக்கும் தற்காலிக நகல்களை, அழித்தால் நிரல் மறுபடி உருவாக்கிக்கொள்ளும்; படங்களின் சிறுதோற்றங்கள் அங்கேதான் கிடக்கின்றன. கான்ஃபிக்கை அழித்தால் நிரல் முதல்நாள் நிலைக்குத் திரும்பும், எரிச்சல்தான், நட்டமில்லை. டேட்டாவை அழித்தால் போனது போனதுதான். நாம் நிறுவிய எழுத்துருக்கள் அதில்தான் இருக்கின்றன. குப்பைத்தொட்டியும் அதற்குள்தான்! ஸ்டேட் என்பது இடைப்பட்டது. நியோவிம் உரைத்திருத்தியின் ‘செய்ததை மீட்டல்’ வரலாறு, கடைசியாகத் திறந்த கோப்புகள் போன்றவை. போனால் கொஞ்சம் வருத்தப்படுவோம், அவ்வளவுதான். எதைக் காப்புநகல் எடுப்பது, எதைக் கழித்துவிடுவது என்பது பயனருக்குப் பெயரிலேயே தெரிய வேண்டும்.

‘உள்ளமைவு’ மேல் எனக்கு இன்னொரு குறையும் உண்டு. ‘உள்’ என்றதுமே நிரலின் வயிற்றுக்குள் இருக்கிற ஏதோ ஒன்று, கைவைக்கக் கூடாது என்று தோன்றுகிறது. பயனர் கைவைப்பதற்கென்றே இருக்கும் கோப்புக்கு அந்தப் பெயர் ஆகாது. ‘அமைவு’ போதும்.

ஆகவே என் முன்மொழிவு: கான்ஃபிக் ஹோம் – அமைவகம். டேட்டா ஹோம் – தரவகம். ஸ்டேட் ஹோம் – நடப்பகம்.

> ‘அகம்’ போட்டால் உணவகம், மருந்தகம் மாதிரி கட்டடம்தான் கண்ணில் தெரிகிறது.

தெரியட்டுமே! அகம் என்றால் வீடு என்றும் பொருள். இந்த அடைவுகள் எங்கே என்று நிரல்களுக்குச் சொல்லும் சூழல் மாறிகளின் பெயர்களும் ‘ஹோம்’ என்றுதானே முடிகின்றன? பொருத்தம் தானாக வந்து விழுந்திருக்கிறது. எல்லாப் பயனருக்கும் பொதுவான ‘/இடிசி/எக்ஸ்டிஜி’ வகையறா அடைவுகளைப் ‘பொது அமைவகம்’ என்று சொல்லிவிடலாம். பயனரின் அமைவகத்தில் இருப்பதே முதலில் செல்லும், பொது அமைவகம் பிறகுதான் என்ற விதியை விளக்கவும் இது வசதி.

வேற்றுமை உருபு ஏற்றிப் பாருங்கள். முனையத்தில் வரும் ஒரு பிழைச்செய்தி: ‘பயனர் உள்ளமைவு அடிப்படை அடைவில் எழுத அனுமதி இல்லை.’ இதையே ‘அமைவகத்தில் எழுத அனுமதி இல்லை’ என்றால் மூச்சு வாங்காமல் படிக்கலாம். வழு, அதாவது நிரலின் குறை, பதியும்போதும் உதவும். குரோமியம் உலாவி தன் பயனர் விவரக்கோப்புகளை, உலாவல் வரலாறு உட்பட, கான்ஃபிக் அடைவுக்குள்ளேயே போட்டு வைக்கிறது. ‘இது அமைவகத்துச் சரக்கல்ல, நடப்பகத்துக்கு மாற்றுங்கள்’ என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்.

> இது லினக்ஸ் சமாசாரம்தானே? விண்டோசும் மேக்கும் வேறு இடத்தில் வைக்கின்றனவே?

அதனால்தான் பெயரைப் பாதையோடு கட்டக் கூடாது என்கிறேன். விண்டோசில் ‘ஆப்டேட்டா’வுக்குள் ‘ரோமிங்’, ‘லோக்கல்’ என்று பிரிவு. மேக்கில் ‘லைப்ரரி’க்குள் ‘அப்ளிகேஷன் சப்போர்ட்’, ‘பிரிஃபரன்சஸ்’, ‘கேஷஸ்’. க்யூட்டியின் ‘க்யூஸ்டாண்டர்டுபாத்ஸ்’, பைத்தானின் ‘பிளாட்ஃபார்ம்டிர்ஸ்’ போன்ற நிரலகங்கள் (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்தொகுப்புகள்) செய்வதே இதைத்தான். நிரல் ‘என் அமைவகம் எங்கே?’ என்று கேட்கும். இயங்குதளத்துக்கு ஏற்ற பாதையை நிரலகம் தரும். பாதையை நிரலுக்குள் நேரடியாக எழுதிவைக்காவிட்டால்தான் அது எந்தத் தளத்துக்கும் இடம்பெயரும்.

> ‘புள்ளிக்கோப்பு அடைவு’ என்று வைத்தால் பழைய ஆட்களுக்கும் புரியும்.

பெயர் புள்ளியில் தொடங்கும் மறைகோப்பைத்தான் புள்ளிக்கோப்பு என்கிறோம். புரியும், ஆனால் அந்தப் புள்ளியே ஒரு விபத்து. பழைய யூனிக்சில் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை, இந்த அடைவையும் மேலடைவையும் குறிக்கும் ‘.’, ‘..’ இரண்டையும் காட்டாமல் இருக்க, முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்தது; அந்தக் குறுக்குவழியில்தான் மறைகோப்புகள் பிறந்தன என்று யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் எழுதியிருக்கிறார். அதன்பிறகு ஆளாளுக்குப் பயனரின் இல்ல (ஹோம்) அடைவில் ஒரு புள்ளியை வைத்துக் குப்பை சேர்த்தார்கள். அதை ஒழுங்குபடுத்த வந்த ஏற்பாட்டுக்கு அதே பெயரா? வேண்டாமே.

கேஷ்தான் இடிக்கிறது. ‘தேக்ககம்’ வாயில் சிக்குகிறது. ‘பதுக்ககம்’ என்றால் ரேஷன் அரிசி ஞாபகம் வருகிறது. வரிசை குலைந்தாலும் பரவாயில்லை, ‘தேக்கிடம்’ என்று வைத்துவிடலாம். ஸ்டேட்டுக்கு ‘நிலையகம்’ என்று யாரோ சொல்லியிருந்தீர்கள். அவசரத்தில் படித்தால் நிலையம் ஆகிவிடும். நடப்புக் கணக்கு என்று வங்கியில் சொல்லிப் பழகியிருப்பதால் ‘நடப்பகம்’ தடையில்லாமல் போகும் என்று நினைக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். சூழல் மாறிகளின் பெயர்களையும் ‘.கான்ஃபிக்’ போன்ற அடைவுப் பெயர்களையும் மொழிபெயர்ப்புக் கோப்பில் தொடாதீர்கள். பயனர் அதைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்வார், நிரலுக்கு அது புரியாது. விளக்க வரிகளில் மட்டும் நம் சொற்கள் வரட்டும். மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள், குறிப்பாகத் ‘தேக்கிடம்’ பற்றி. சரி என்றால் கோப்பு மேலாளர் நிரலின் சரங்களில் (திரையில் தெரியும் வரிகளில்) முதலில் போட்டுப் பார்க்கிறேன்.