பைப் சப்போர்ட்டுக்கு எதற்கு அரை மீட்டர் குழி?

கரிசல்காட்டான்: பக்கத்துத் திரியில் ஒருவர் அள்ளி விட்டிருக்கிறார். லோடு குறைந்த பைப் சப்போர்ட்டுக்கு, அதாவது குழாயைத் தாங்கும் தூணுக்கு, அடித்தள டிசைனே வேண்டாமாம், 300 மி.மீ. தோண்டிக் கான்கிரீட்டைக் கொட்டினால் போதுமாம். அடித்தளத்துக்கான இந்திய விதிநூல் ஐஎஸ் 1904-ஐத் திறந்து பார்க்கட்டும். இயற்கைத் தரைமட்டத்துக்குக் கீழே குறைந்தது 500 மி.மீ. ஐந்நூறு.

சைட்டுக்காரன்: அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். தீயணைப்புத் தண்ணீர் போகிற 6 அங்குல ஃபயர் லைன், குழாயின் கனம் ஸ்கெட்யூல் 40. தண்ணீரோடு மீட்டருக்கு 47 கிலோ. 5 மீட்டருக்கு ஒரு சப்போர்ட் என்றால் 235 கிலோ. 600க்கு 600 மி.மீ. ஃபுட்டிங்கில் (அடியில் போடும் கான்கிரீட் பலகை) சதுர மீட்டருக்கு 650 கிலோ வருகிறது. மண் 10 டன் தாங்கும். அரை மீட்டர் தோண்டி யாரைப் புதைக்கப் போகிறீர்கள்?

கரிசல்காட்டான்: எடையை யார் கேட்டது? கரிசலில் கோடையில் கை நுழைகிற அளவு வெடிப்பு விழும். ஐப்பசி மழைக்கு மண் உப்பும். கட்டடத்தை விட்டுவிடும், உங்கள் 235 கிலோவைத்தான் முதலில் தூக்கும். லோடு குறைவு என்பதுதான் இங்கே பிரச்சினையே. 500.

நட்டுபோல்ட்டு: கரிசல் என்றால் 500-ம் பத்தாதே? மண் உப்பிச் சுருங்கும் ஆழம் அதைவிட அதிகம்.

கரிசல்காட்டான்: ‘குறைந்தது’ என்று எழுதியிருக்கிறேன். தமிழ் வாசிக்க வரும்தானே?

சைட்டுக்காரன்: விதிநூலில் அதற்கடுத்ததையும் படியுங்கள் சார். பாறை என்றால் மேல்மண்ணை எடுத்தாலே போதும். எங்கள் சைட் நாமக்கல் பக்கம். ஒரு அடியில் பாறை. பாறை உடைக்கிற பிரேக்கர் வாடகை நீங்களா தருவீர்கள்?

கரிசல்காட்டான்: பாறை என்று அங்கே ஏன் சொல்லவில்லை? ஊருக்கே பொதுவாக 300 என்றீர்கள். அதைப் படித்துவிட்டு எட்டயபுரத்தில் ஒருவன் 300 போடுவான்.

புதுசு: சார், ஒரு சந்தேகம். இந்த 500 ஃபுட்டிங் அடிவரைக்குமா, அதற்குக் கீழே கம்பியில்லாமல் போடுகிற பிசிசி கான்கிரீட்டின் அடிவரைக்குமா?

நட்டுபோல்ட்டு: இரண்டு பேருமே உராய்வை மறந்துவிட்டீர்கள். வெயிலில் பைப் நீளும்போது இரும்பு மேல் இரும்பு, உராய்வுக் கெழு 0.3 என்று வைத்தால் 70 கிலோ பக்கவாட்டில் தள்ளும். ஃபுட்டிங் மேல் நிற்கும் பெடஸ்டல் (குட்டைத் தூண்) ஒரு மீட்டர் உயரம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது கவிழ்வதை.

கரிசல்காட்டான்: கவிழாமல் இருக்கத்தான் 500.

சைட்டுக்காரன்: எல்லாவற்றுக்கும் 500-தானா? தலைவலி மாத்திரையா சார் இது?

கரிசல்காட்டான்: தலைவலியே உங்களை மாதிரி கான்ட்ராக்டர்களால்தான். டிராயிங்கில் 500, அளவு எழுதும் எம்-புக்கில் 500, குழியில் மட்டும் 300.

சைட்டுக்காரன்: என் எம்-புக்கை எப்போது பார்த்தீர்கள்? போன வருடம் இதே மாதிரி சப்போர்ட்டுக்கு 12 மி.மீ. கம்பியை இரண்டு அடுக்கு போடச் சொன்ன மகான்தானே நீங்கள்! கான்கிரீட் போகவே இடமில்லை.

கரிசல்காட்டான்: அந்தத் திரியில் கடைசிப் பதில் என்னுடையது. நீங்கள்தான் அப்புறம் ஆளையே காணோம்.

புதுசு: சார், பிசிசி…?

சைட்டுக்காரன்: ஏசி ரூமில் உட்கார்ந்து தட்டுவது சுலபம். நாமக்கல் வாருங்கள், கடப்பாரை தருகிறேன்.

கரிசல்காட்டான்: வருகிறேன். ஆனால் டேப் என்னுடையது.