எம்.பி.யைப் பார்க்கப் போன கதை: காலநிலைக் கொள்கைக்காக மனு கொடுத்த அனுபவங்கள்

காலநிலைக் கொள்கைக்காக மக்கள் பிரதிநிதிகளை நேரில் பார்த்தவர்கள் எழுதலாமே என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் குழு ஓர் எம்.பி.யைச் சந்தித்ததை எழுதுகிறேன்.

அரை மணி நேரம் கேட்டிருந்தோம். கிடைத்தது அதில் பாதிகூட இல்லை. எங்களில் ஒருவர் வரைபடங்களோடு வந்திருந்தார். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது என்று ஆரம்பித்தார். எம்.பி. இடைமறித்து, "இதெல்லாம் எனக்கும் தெரியும். நான் என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க" என்றார். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் போகிற குழுக்கள்தான் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புகின்றன.

நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. கார்பனுக்கு, அதாவது எரிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு விடும் நிலக்கரி, பெட்ரோல் போன்ற எரிபொருள்களுக்கு வரி போட வேண்டும், வசூலாவதை அரசு வைத்துக்கொள்ளாமல் தலைக்கு இவ்வளவு என்று மக்களுக்கே பிரித்துக் கொடுக்க வேண்டும். இதை ஆதரித்துக் கையெழுத்துப் போடுவீர்களா?

அவருடைய தயக்கம் அறிவியல் பற்றியது இல்லை, ஓட்டு பற்றியது. 2018-இல் பிரான்சில் எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து மஞ்சள் அங்கிக்காரர்கள் தெருவில் இறங்கியதும் அரசு பின்வாங்கியது. ஆஸ்திரேலியா 2012-இல் கொண்டுவந்த கார்பன் விலையை 2014-இல் எடுத்தேவிட்டது. இரண்டையும் அவரே சொன்னார். நாங்கள் சுவிட்சர்லாந்தைச் சொன்னோம். அங்கே 2008 முதல் வெப்பமூட்டும் எரிபொருள்களுக்குக் கார்பன் வரி உண்டு. வசூலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மக்களுக்கும் நிறுவனங்களுக்கும் திரும்பிப் போகிறது. மக்களுக்கு அது மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தில் கழிவாகக் கிடைக்கிறது.

அப்போதுதான் ஓரமாக நின்றிருந்த அவருடைய உதவியாளர் பேசினார். "கழிவா வந்தா யார் கவனிப்பாங்க? கனடாவுல பேங்க் கணக்குலயே போட்டாங்க. அப்படியும் 2025 ஏப்ரல்ல பொதுமக்கள் மேல இருந்த கார்பன் கட்டணத்தை நீக்க வேண்டியதாப் போச்சே?" சரியான அடி. பணம் திரும்பி வருவது மட்டும் போதாது, அது வருகிறது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். எங்களிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை.

என்னைக் கேட்டால் அந்த உதவியாளரைப் பார்ப்பதற்காகவே போகலாம். வாசல்வரை வந்து இன்னொன்றும் சொன்னார். ஒரே வாசகத்தோடு நூறு மின்னஞ்சல் வந்தால் அவர்கள் அதை ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்வார்களாம். தொகுதிக்காரர் ஒருவர் சொந்த வார்த்தையில் எழுதினால் அது எம்.பி.யின் மேஜைக்குப் போகுமாம்.

கையெழுத்து இன்னும் வரவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்தொடரில், வரிப் பணத்தை மக்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எப்படித் திருப்பித் தருவீர்கள் என்று அமைச்சரிடம் எம்.பி. கேட்டார்.

மறுமொழி:

நான் நிலக்கரி அனல் மின் நிலையங்களை மூடக் கோரும் மனுவுக்கு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குகிறவன். அனல் மின் நிலையத்தில் வேலை செய்யும் ஒருவர் கதவைத் திறந்தார். மனுவை முழுக்கப் படித்துவிட்டு, "மூடச் சொல்றீங்க, சரி. அப்புறம் எனக்குச் சம்பளம் யார் தருவா?" என்றார். 2018-இல் ஸ்பெயின் அரசு நிலக்கரிச் சுரங்கத் தொழிற்சங்கங்களோடு ஒப்பந்தம் போட்டதைச் சொன்னேன். பெரும்பாலான சுரங்கங்களை மூடும்போது, முன்கூட்டிய ஓய்வு, மறுபயிற்சி, அந்தப் பகுதிகளுக்கு 25 கோடி யூரோ என்று எழுத்திலேயே கொடுத்தார்கள். "அதே மாதிரி எழுதிக் கொண்டு வாங்க, போடறேன்" என்று கதவைச் சாத்திவிட்டார். கோபம் வந்தது, ஆனால் அவர் கேட்டது நியாயம். மூடும் தேதிக்கு முன்னால் தொழிலாளருக்கான ஏற்பாடு என்று மனுவின் வரிசையையே மாற்றினோம். இரண்டாம் முறை போனபோது அவர் கையெழுத்துப் போட்டார், பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டார்.

மறுமொழி:

எங்களை உள்ளேயே விடவில்லை, மனுவை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். மாணவர்கள்தானே என்ற நினைப்பு. பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் 2019-இல் வகுப்பறையில் தொடங்கிய, காலநிலை மாற்றத்தில் நாடுகளின் சட்டக் கடமை என்ன என்று கேட்கும் கோரிக்கைதான் அங்குள்ள வனுவாட்டு நாட்டின் அரசு வழியாக ஐ.நா. போய், 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்தாக வந்தது என்று அந்தக் காவலாளியிடம் சொல்லி என்ன பயன்? புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் நகராதீர்கள். மறுமுறை போனபோது "அப்படி எதுவும் வரவில்லையே" என்றார்கள். நகலை நீட்டியதும் உட்காரச் சொன்னார்கள்.