கல்யாண சமையல்ல மிஞ்சுற எண்ணெயை டீசல் வண்டிக்கு ஊத்தலாமா?

வலங்கைமான் பந்தி (கேள்வி):

வணக்கம். எங்களுக்குக் கல்யாண சமையல் காண்ட்ராக்ட் தொழில். வலங்கைமான், குடவாசல், கும்பகோணம் பக்கம் மண்டபங்கள்ல செய்றோம். ஆவணி முகூர்த்தம் வந்துட்டா வடை, அப்பளம், வாழைக்காய் வறுவல்னு பொரிச்ச எண்ணெய் டின் டின்னா மிஞ்சுது. பெரும்பாலும் பாமாயில், கொஞ்சம் சூரியகாந்தி. ஒரு பந்திக்குப் பொரிச்சதை அடுத்த வீட்டு விசேஷத்துக்குத் தொடக்கூடாதுங்கிறது அப்பா காலத்துலேர்ந்து கட்டாயம். கேட்டு வர்றவங்க ரோட்டோர பஜ்ஜிக் கடைக்குக் கொண்டு போறாங்கன்னு தெரிஞ்சதும் அவங்களுக்குக் குடுக்கிறதையும் நிறுத்திட்டோம்.

பாத்திரம் ஏத்துறதுக்கு 2008 மாடல் டீசல் பிக்கப் ஒண்ணு ஓடுது. சித்தப்பா வயல்ல பழைய 5 எச்.பி. ஆயில் என்ஜின் இருக்கு. இந்த எண்ணெயை வேட்டித் துணியில வடிகட்டி டீசலோட பாதிக்குப் பாதி ஊத்தினா ஓடும்னு வீடியோவுல காட்டுறாங்க. டீசல் 90 ரூபாய்க்கு மேல விக்கிற நாள்ல ஆசையாத்தான் இருக்கு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

திருவாரூர் தேர்வீதி:

தாராளமா ஓடும். ருடால்ஃப் டீசலோட என்ஜினையே 1900 பாரிஸ் கண்காட்சியில கடலை எண்ணெயில ஓட்டிக் காட்டினாங்க. டீசலை விட எண்ணெயில சக்தி கொஞ்சம்தான் குறைவு, லிட்டருக்கு நூத்துக்குப் பத்துகூடக் குறையாது. பயப்படாம ஊத்துங்க.

மன்னை நாசில்காரர்:

தம்பி, பயப்படாம ஊத்துங்கன்னு என்னால சொல்ல முடியாது. மன்னார்குடியில என்ஜினுக்கு டீசலைத் தள்ளுற பம்ப், அதை உள்ள தெளிக்கிற நாசில், இதுங்களைச் சரிபண்ற வேலைதான் எனக்குச் சோறு. பாரிஸ்ல கடலை எண்ணெயில ஓடினது நிஜம். ஆனா அந்தக் காலத்து என்ஜின் வேற, உங்க பிக்கப் வேற.

எண்ணெய் எரியுமாங்கிறது கேள்வியே இல்ல. எரியும். அதைப் பனி மாதிரி தெளிக்க முடியுமாங்கிறதுதான் கேள்வி. கடைக்கு வந்தீங்கன்னா டெஸ்டர்ல காட்டுறேன். நாசிலை மாட்டி, டீசல் ஊத்திக் கைப்பிடியை அழுத்தினா, 200 பார் அழுத்தம் வாக்கில கிர்ர்னு ஒரு சத்தத்தோட மெல்லிசாத் தூவும். கையை நீட்டிடாதீங்க, தோலுக்குள்ள ஏறிடும். அதே நாசில்ல ஆறின பாமாயிலை ஊத்தி அழுத்துங்க. சத்தமே வராது. ஒரே தாரையாப் பீச்சும், நுனியில சொட்டு நிக்கும். இப்படித் தாரையா விழுந்தா பாதி எரியாம பிஸ்டன் தலையிலயும் சிலிண்டர் சுவரான லைனர்லயும் ஒட்டுது. கொஞ்ச நாள்ல நாசில் நுனியில கரி கட்டி, தெளிக்கிற துளையே கோணிப் போகும்.

இதுக்குக் காரணம் விஸ்காசிட்டி, அதாவது எண்ணெயோட கெட்டித்தன்மை. அதைச் சென்டிஸ்டோக்னு அளப்பாங்க. 40 டிகிரியில டீசல் 2லேர்ந்து 4.5 சென்டிஸ்டோக்குக்குள்ள இருக்கணும். சமையல் எண்ணெய் அதே சூட்டுல 35, 40 இருக்கும். பாதிக்குப் பாதி கலந்தாலும் டீசல் கணக்குக்குள்ள வராது. 80 டிகிரி வரைக்கும் சூடேத்தினா 10, 12க்கு இறங்கும், அப்பத்தான் நாசில் ஓரளவு மதிக்கும். மார்கழி காலையில உங்க பாமாயில் டின் அடியில வெள்ளையா உறைஞ்சு கிடக்குமே, அது டாங்க்லயும் ஃபில்டர்லயும் அப்படியே உறையும். கல்யாணத்துக்கு விடிகாலையில பாத்திரம் போய்ச் சேரணும், வண்டி கிளம்பாது.

வெளியில தெரியாத சேதம் என்ஜின் ஆயில்ல நடக்கும். எரியாத டீசல் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழ இறங்கினா என்ஜின் சூட்டுல கொஞ்சமாவது ஆவியாகும். எண்ணெய் ஆவியாகாது. என்ஜின் அடியில ஆயில் நிக்கிற சம்ப்லயே தங்கி, என்ஜின் ஆயிலோட சேர்ந்து கெட்டியாகும். ஆயிலை வடிகட்டுற ஸ்ட்ரெயினர் அடைஞ்சு பேரிங்குக்கு ஆயில் ஏறாம போகும், ரிங் பள்ளத்துலயே பிடிச்சுக்கும். வண்டி நல்லாத்தானே ஓடுதுன்னு ஓட்டுனவங்க கடைசியில முழு என்ஜினையும் இறக்கிக் கொண்டு வந்திருக்காங்க.

உங்க பிக்கப்ல டீசல் பம்ப் எந்த வகை, இன்லைனா, ரோட்டரியா, காமன் ரெயிலான்னு முதல்ல பாருங்க. ரோட்டரி பம்புக்கு உள்ள ஓடுற டீசலேதான் தேயாம வழுக்க வைக்கிற வேலையும் பாக்குது. ஆறின கெட்டி எண்ணெய் போனா ஷாஃப்ட்டுக்குக் கேடு. காமன் ரெயில்னா நினைச்சே பாக்காதீங்க, அதுல அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ். 6 புகை விதி வண்டியில புகை வடிகட்டியும் சேர்ந்து அடைச்சுக்கும். எந்தப் பம்பா இருந்தாலும் உள்ள ஏறி இறங்குற பிளஞ்சருக்கும் அது ஓடுற பேரலுக்கும் நடுவுல இடைவெளி சில மைக்ரான்தான். வேட்டித் துணியில வடிச்சா வடைத்தூள் நிக்கும், உப்பும் தண்ணியும் நிக்காது. பம்பை அரிக்கிறது அந்த ரெண்டும்தான்.

அதனால பிக்கப்புக்கு வேண்டாம். ஆர்.சி.யில டீசல்னு இருக்கிற வண்டிக்கு எண்ணெய்க்குன்னு ரெண்டாவது டாங்க், அதைச் சூடேத்த ஹீட்டர்னு மாத்தினா மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுப்படி அனுமதி வாங்கணும். நாளைக்கு விபத்துன்னா இன்சூரன்ஸ்காரன் அங்கதான் கை வைப்பான்.

சித்தப்பாவோட ஆயில் என்ஜின் கதை வேற. ஒரே சிலிண்டர், ஒரே பம்ப், பிரிச்சு மாட்டுறதும் சுலபம். மெதுவா சுத்துற பழைய மாடலா இருந்தா எண்ணெய் எரிய நேரமும் கிடைக்கும். அதைப் பத்தி ஓட்டுனவங்க பேசட்டும்.

தலைஞாயிறு கடைமடை:

நாங்க ஓட்டுறோம். வாய்க்கால் தண்ணி எங்க வயலுக்குத் தானா ஏறாது, இறைச்சுத்தான் ஏத்தணும். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சு வாரக்கணக்குல கரண்ட் இல்லாதப்போ இந்த ஆயில் என்ஜினாலதான் குடிக்கவும் தண்ணி எடுத்தோம். அதனால அதைக் கெடுத்துக்காம ஓட்டணும்னு ரொம்பக் கவனம்.

ரெண்டு டாங்க். டீசல்ல ஸ்டார்ட் பண்ணுவோம். என்ஜின் நல்லா சூடான பிறகு மூணு வழி வால்வைத் திருப்பி எண்ணெய்க்கு மாத்துவோம். நிறுத்துறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி மறுபடி டீசல். பம்பு, நாசிலுக்குள்ள எண்ணெய் தங்கி ஆறவே கூடாது. எண்ணெய் வர்ற குழாய் சைலன்சரை ஒட்டி வரும், இரும்புக் குழாய்தான். செம்புக் குழாய் போட்டா எண்ணெய் சீக்கிரம் கெட்டு, பிசின் பிடிக்குது. என்ஜின் ஆயிலை வழக்கத்துல பாதி மணி நேரத்துலயே மாத்திடுவோம்.

பொரிச்ச எண்ணெய்ல தண்ணி இருக்கான்னு பாக்க, காய்ஞ்ச வடசட்டியில ஒரு சொட்டு விடுங்க. படபடன்னு வெடிச்சா தண்ணி இருக்கு. டிரம்ல ஒரு மாசம் ஆடாம வச்சு, மேல தெளிஞ்சதை மட்டும் எடுத்து, சுடவச்சுத் தண்ணியைப் போக்கணும். அடியில நிக்கிற மண்டியை ஆசைப்பட்டுச் சேத்துடாதீங்க.

புங்க எண்ணெயும் ஓடும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல உடுப்பி ஸ்ரீநிவாசான்னு ஒரு பேராசிரியர் கர்நாடகக் கிராமங்கள்ல புங்க எண்ணெயில டீசல் என்ஜின் ஓட்டி வயலுக்குத் தண்ணி இறைக்க வச்சார். இங்க என்னன்னா கொட்டை பொறுக்க ஆள் கிடைக்கல, செக்குல ஆட்டி எடுத்தா டீசலைவிட மலிவா வரல. காட்டாமணக்கு நட்டா டீசல் கொட்டும்னு 2000த்துக்கு அப்புறம் ஊரூரா சொன்னதை நம்பி நிலத்தை விட்டவங்களை நான் நேர்ல அறிவேன். நெல் விளையுற மண்ணை அதுக்கு விடாதீங்க. மிஞ்சிப்போன எண்ணெய்னா சரி.

வலங்கைமான் பந்தி:

அண்ணே ரெண்டு பேருக்கும் நன்றி. பிக்கப் யோசனையை விட்டுட்டேன். ஆனா இதையே பயோடீசலா மாத்திட்டா வண்டிக்கு ஊத்தலாம்தானே? வீட்டுலயே பண்ணலாம்னும் காட்டுறாங்களே?

கெமிஸ்ட்ரி, நீடாமங்கலம்:

நான் பள்ளியில வேதியியல் எடுக்கிறேன். மாத்தலாம், ஆனா வீட்டுல வேண்டாம். 100 லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய 20 லிட்டர் மெத்தனால், அதுல கரைச்ச காஸ்டிக் சோடா, 60 டிகிரிக்குக் கிட்ட சூடு. எண்ணெய்லேர்ந்து கிளிசரின் பிரிஞ்சு அடியில இறங்கும், மேல நிக்கிறது பயோடீசல், விஸ்காசிட்டி டீசலுக்குப் பக்கத்துல வந்துடும். பலமுறை காய்ஞ்ச எண்ணெயில அமிலம் ஏறியிருக்கும். அதுல காஸ்டிக் போட்டா நிறைய சோப்பாத்தான் போகும்.

அதைவிடப் பெரிய விஷயம் மெத்தனால். 64.7 டிகிரியில கொதிக்கும், அந்த ஆவி தீப்பிடிக்கும். சமையல் கொட்டகையில, விறகடுப்புப் பக்கத்துல அதை நினைச்சாலே எனக்குப் பதறுது. கொஞ்சம் உள்ள போனா கண் போகும், உயிரும் போகும். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60க்கு மேல செத்தது மெத்தனாலாலதான். தமிழ்நாட்டுல அதை வாங்க, வைக்க, உரிமம் வேணும். ஒரு டிரம் வீட்டுல இருந்தாலே வழக்கு. ஆளுங்க நடமாடுற சமையல் கொட்டகையில யாராவது தெரியாம எடுத்துட்டா என்ன ஆகும்?

நீங்க பஜ்ஜிக் கடைக்குக் குடுக்காம நிறுத்தினது ரொம்பச் சரி. பொரிக்கிற எண்ணெயில டோட்டல் போலார் காம்பவுண்ட், அதாவது பொரிக்கப் பொரிக்க எண்ணெய் கெட்டுச் சேர்ற பொருள், 25 சதவீதம் தாண்டினா சமையலுக்கு ஆகாதுன்னு 2018 ஜூலையிலேர்ந்து சட்டமே இருக்கு. அதே வருஷம் ஆகஸ்ட்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் ரூகோன்னு ஒரு திட்டம் தொடங்குச்சு. பயன்படுத்தின எண்ணெயைப் பதிவு பெற்றவங்க வாங்கி பயோடீசல் ஆலைக்கு அனுப்பணும். உங்க மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர்கிட்ட கேட்டா யார் எடுக்கிறாங்கன்னு சொல்வாங்க. குடுக்கும்போது எடை போட்டு ரசீது வாங்கி வைங்க.

சித்தப்பா என்ஜினுக்குக் கொஞ்சம் எடுத்து வைக்கிறதா இருந்தா பாமாயிலை மட்டும் எடுங்க. சூரியகாந்தி காத்துப்பட்டா சீக்கிரம் பிசினாகும். எவ்வளவு சுலபமா பிசினாகும்னு காட்டுற அயோடின் எண் பாமாயிலுக்கு 50 சொச்சம், சூரியகாந்திக்கு 120க்கு மேல. நாசில்காரர் சொன்ன கெட்டியாகிற வேலை இந்த எண் ஏற ஏற அதிகம்.

மன்னை நாசில்காரர்:

ஆசிரியர் சொன்னது எனக்கும் புதுசு, சூரியகாந்தியில ஓடின நாசில் ஏன் அவ்வளவு மோசமா வந்துச்சுன்னு இப்பத்தான் விளங்குது.

தம்பி, சித்தப்பா என்ஜின் பேர்ப்பலகையில ஆர்.பி.எம்., அதாவது நிமிஷத்துக்கு எத்தனை சுத்து, எவ்வளவுன்னு பாத்துப் போடுங்க. 1500ன்னா நாசிலைக் கழட்டி ஒருதரம் டெஸ்ட் பண்ணிட்டுத்தான் ஆரம்பிக்கணும். 650 மாதிரி மெதுவா ஓடுறதுன்னா கடைமடைக்காரர் சொன்னபடி ரெண்டு டாங்க் போடுங்க. மூணு வழி வால்வை மட்டும் மலிவா வாங்காதீங்க, காத்து இழுத்தா பாதி வயல் பாயுறப்ப நின்னுடும்.