மழைக் கழிவு இடத்துக்கு இடம் மாறுகிறது, கிளாஸை எப்படி எழுதுவது?

கேள்வி: வணக்கம். கோத்தகிரியில் பச்சைத் தேயிலை எடை போடும் மையம் ஒன்றுக்குப் பைதானில் பில் மென்பொருள் எழுதியிருக்கிறேன். மொத்த எடையில் சாக்கு எடை போக, மழை நாளில் இலையில் நிற்கும் தண்ணீருக்கும் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைக் கழிப்பார்கள். இங்கே வடகிழக்குப் பருவமழைதான் பெரிது என்பதால் அக்டோபர், நவம்பர் என்று மாதத்தையே புரோகிராமுக்குள் எழுதி வைத்தேன். இப்போது கூடலூரிலும் கேட்கிறார்கள். அங்கே ஜூனிலேயே தென்மேற்கு மழை பிடித்துக்கொள்ளும். அதற்கு ஒரு சப்கிளாஸ் (பில் கிளாஸிலிருந்து கிளைத்து, சிலவற்றை மட்டும் மாற்றிக்கொள்ளும் கிளாஸ்). இன்னொரு மையத்தில் சாக்குக்கும் சதவீதக் கழிவு, அதற்கு ஒன்று. இரண்டும் சேர்ந்து வந்தால் மூன்றாவதா? விவசாயி கைக்குப் போகும் காசு இது, தப்பு வரக் கூடாது.

பதில் 1: எல்லாவற்றையும் செட்டிங்ஸில் ட்ரூ, ஃபால்ஸ் என்று வைத்துவிடுங்களேன்.

கேட்டவர்: அதையும் செய்து பார்த்தேன் அண்ணா. ஒரே ஃபங்ஷனுக்குள் இஃப் மேல் இஃப். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று உடைகிறது.

பதில் 2: தம்பி, முதலில் மாறுவதையும் மாறாததையும் பிரியுங்கள். மாறக்கூடிய முடிவுகளைத் தனித்தனி மாட்யூலுக்குள், அதாவது புரோகிராமின் தனிப் பகுதிக்குள், மறைத்து வைக்க வேண்டும் என்று கணினி அறிவியலாளர் டேவிட் பார்னஸ் 1972-லேயே எழுதியிருக்கிறார். எடையை வாங்கி, கழித்து, நிகர எடை கொடுப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். கழிவு விதிதான் மாறுகிறது. ஆகவே ஒவ்வொரு விதியும் ஒரு ஃபங்ஷன். விதிகளின் பட்டியலை பில் கிளாஸுக்கு வெளியிலிருந்து கொடுங்கள். ஸ்ட்ராட்டஜி பேட்டர்ன் என்பது இதுதான். மழையா இல்லையா என்பதை எடை போடுபவர் சொல்லட்டும், காலண்டர் வேண்டாம்.

அப்புறம், வரிசையைக் கவனியுங்கள். 52 கிலோ, சாக்கு 2 கிலோ, தண்ணீர் 10 சதவீதம் என்றால், சாக்கை முதலில் கழித்தால் நிகரம் 45 கிலோ. தண்ணீரை முதலில் கழித்தால் 44.8. சாக்கு எடைக்கும் தண்ணீர்க் கழிவு போட்டு, விவசாயிக்கு 200 கிராம் போய்விடுகிறது.

பதில் 3: விலைக்கும் இப்படி விதி எழுதிவிடாதீர்கள். தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் பசுந்தேயிலை விலையில் எண்தான் மாறும், கணக்கு மாறாது. அதற்கு மாதவாரியாக ஒரு டேபிள் போதும். இன்னொன்று, பழைய பில்லை மறுபடி அச்சிட்டால் இன்றைய விதியில் கணக்காகிவிடும். அன்று போட்ட விதியையும் அளவையும் பில்லோடு சேர்த்துச் சேமியுங்கள்.

கேட்டவர்: பட்டியலாக மாற்றிவிட்டேன். சப்கிளாஸ் இரண்டையும் நீக்கியாயிற்று. சாக்குக்கும் சதவீதம் கழிக்கும் மையத்தில் வரிசையை மாற்றினாலும் நிகர எடை ஒன்றாகவே வருகிறது. கிலோவாகக் கழிக்கும் இடங்களில் சாக்கு எப்போதும் முதலில் என்று டெஸ்ட் எழுதி வைத்துவிட்டேன். இரண்டு பேருக்கும் நன்றி அண்ணா.