இணையத் தொடரா, அச்சுப் புத்தகமா: புதிய சித்திரக்கதையை எந்த வடிவில் வரைவது?

கோட்டோவியம் (கேள்வி)

வணக்கம். தஞ்சாவூரைக் களமாகக் கொண்ட துப்பறியும் கதையொன்றைத் தமிழில் சித்திரக்கதையாக வரைந்துகொண்டிருக்கிறேன். வசனம் முடிந்து, முதல் அத்தியாயத்தின் பென்சில் வரைவும் தயாராகிவிட்டது. கைப்பேசியில் மேலிருந்து கீழாகத் தள்ளிப் படிக்கும் வெப்டூன் வடிவில் வரைவதா, புத்தகப் பக்கங்களாக வரைவதா என்பதை மை தீட்டும் முன் முடிவு செய்தாக வேண்டும். அச்சு காமிக்ஸுக்கு இனி எதிர்காலமே இல்லை என்று உடன் வரைபவர்கள் சொல்கிறார்கள். முத்து, லயன் இதழ்களைப் படித்து வளர்ந்த எனக்கு அதை ஏற்க மனம் வரவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

செங்குத்துத்திரை

தொடராக வெளியிடுவதற்கு இனி இணையம்தான் இடம் என்பதில் எனக்கு ஐயமில்லை. தென்கொரியாவின் நேவர் நிறுவனம் 2004இல் தொடங்கிய வெப்டூன் சேவை, 2014இல் ஆங்கிலத்துக்கும் வந்தது. இதழ்களின் கோட்டையான ஜப்பானிலேயே மங்கா எனப்படும் அந்நாட்டுச் சித்திரக்கதைத் தொகுப்புகளின் மின்வடிவ விற்பனை 2017இல் அச்சுத் தொகுப்புகளின் விற்பனையைத் தாண்டிவிட்டது. இன்று பெரும்புகழ் பெற்றுள்ள 'ஸ்பை ஃபேமிலி' என்னும் மங்கா 2019இல் தொடங்கியதும் ஷோனென் ஜம்ப் பிளஸ் என்னும் இணைய வெளியீட்டில்தான்.

விற்பனையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வடிவம். ஒருவன் கதவைத் திறக்கக் கை நீட்டும் கட்டத்துக்கும், உள்ளே கிடப்பதைக் காட்டும் கட்டத்துக்கும் நடுவே ஒரு முழுத் திரை அளவுக்கு வெறும் கறுப்பை விட்டுப் பாருங்கள். வாசகரின் விரல் அந்தக் கறுப்பைக் கடக்கும் நேரம் முழுவதும் திகில் நீடிக்கும். துப்பறியும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடைக்காது. பக்கமாக வரைந்ததைக் கட்டம் கட்டமாக வெட்டி அடுக்கினால் அது வெப்டூன் ஆகிவிடாது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

அச்சுமை

அச்சுக்கு முந்தைய பணிகளைச் செய்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். வெப்டூன் தளத்தில் ஏற்றும் படத்தின் அகலம் 800 பிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்தில் அது ஏழு சென்டிமீட்டர்கூட வராது. தளத்தில் ஏற்றிய கோப்பையே அச்சகத்துக்கு அனுப்பி, கோடுகள் மங்கி வந்தபின் வருந்துபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். 15 சென்டிமீட்டர் அகலமுள்ள பக்கத்துக்கே சுமார் 1,800 பிக்சல் வேண்டும். ஆகவே எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் மூலக் கோப்பைப் பெரிய அளவில் வரைந்து, சிறிதாக்கிய பிரதியை மட்டும் இணையத்தில் ஏற்றுங்கள். திரையில் ஒளிரும் நீலமும் பச்சையும் நான்கு வண்ண அச்சில் அதே பளிச்சுடன் வாரா என்பதால், வண்ணத்தையும் தொடக்கத்திலேயே ஒரு சோதனைத் தாளில் அச்சிட்டுப் பார்ப்பது நல்லது.

தமிழுக்கே உரிய சிக்கல், பாத்திரங்களின் பேச்சை எழுதும் வசனப் பலூன். நம் சொற்கள் நீளமானவை. பலூனின் குறுகிய அகலத்தில் அவற்றை நடுவில் உடைத்தால் படிப்பவர் தடுமாறுவார். புத்தகத்தில் ஓரளவு சிறிய எழுத்து போதும். கைப்பேசியிலோ அதே வசனத்துக்கு இன்னும் பெரிய எழுத்து தேவைப்படுவதால் பலூன் படத்தை விழுங்கிவிடும்.

மற்றபடி, அச்சிலும் திகிலுக்குக் கருவி உண்டு. வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் கேள்வியை நிறுத்தி, தாளைப் புரட்டியதும் விடையைக் காட்டுவது எக்காலத்துக்கும் உரிய உத்தி.

பழைய இதழ் சேகரிப்பவன்

எதிர்காலம் என்று பேசும்போது, எது நிலைத்திருக்கும் என்பதையும் கேட்க வேண்டும். ஸ்மாக் ஜீவ்ஸ் என்ற இணையச் சித்திரக்கதைத் தளம் 2020 இறுதியில் மூடப்பட்டபோது, அங்கே ஆண்டுக்கணக்கில் தொடர் வரைந்தவர்கள் படைப்புகளைக் காப்பாற்றி வேறிடம் கொண்டுபோக ஓட வேண்டியதாயிற்று. 'ஹோம்ஸ்டக்' என்ற இணையத் தொடரில் ஃபிளாஷ் அசைபடங்கள் நிறைய இருந்ததால், அந்த மென்பொருளுக்கு ஆதரவு நின்றபின் அதை முதலில் வந்தபடியே படிக்கத் தனி முயற்சிகள் தேவைப்பட்டன. ராணி காமிக்ஸ் 2005இல் நின்றுபோனது. அதன் பழுப்பேறிய இதழ்களை இன்றும் எடுத்துப் படிக்க நமக்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை.

வருமானமும் இதோடு சேர்ந்ததே. 'ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்' இணையத்தில் இலவசமாகவே கிடைத்த தொடர். ஆனாலும், விற்றுத் தீர்ந்த அதன் தொகுப்புகளை மறுபதிப்புச் செய்ய 2012இல் வாசகர்களிடம் நிதி கேட்டபோது 12 லட்சம் டாலருக்கும் மேல் திரண்டது. 'ஹார்ட்ஸ்டாப்பர்' 2016இல் இணையத்தில் தொடங்கி, 2018இல் வாசகர் நிதியில் புத்தகமாகி, பிறகே பெரிய பதிப்பகத்துக்குப் போனது. சிவகாசியிலிருந்து வரும் நம் முத்து, லயன் இதழ்களும் சந்தாவையும் முன்பதிவையும் ஊன்றித்தான் நிற்கின்றன. வாசகர் இணையத்தில் கிடைக்கிறார். பணம் கொடுக்க அவர் முன்வருவது பெரும்பாலும் புத்தகத்துக்குத்தான் என்பது என் துணிபு.

கோட்டோவியம்

அனைவருக்கும் நன்றி. தொடராக இணையத்திலும், முடிந்தபின் முன்பதிவின் பேரில் புத்தகமாகவும் கொண்டுவர நினைக்கிறேன். செங்குத்தாக வரைந்ததைப் பின்னர் பக்கமாக மாற்றுவது இயலுமா?

அச்சுமை

இயலும், ஆனால் அது மறுபடியும் ஒரு வடிவமைப்பு வேலை. 'லோர் ஒலிம்பஸ்' என்ற வெப்டூன் 2021இல் புத்தகமானபோது நீண்டு ஓடிய படங்களைப் பக்கங்களுக்கேற்ப மாற்றி அடுக்கினார்கள். நீங்கள் இப்போதே பக்கத்தின் முழு அகலம், பாதி அகலம் என இரண்டே அளவுகளில் கட்டங்களை வரையுங்கள். நண்பர் சொன்ன கறுப்பு இடைவெளி வரும் இடங்களையெல்லாம் புத்தகத்தில் தாள் புரளும் இடங்களாகக் குறித்துவையுங்கள். பலூனையும் எழுத்தையும் படத்தோடு சேர்க்காமல் தனி அடுக்கில் வைத்திருங்கள்; பலூனுக்கு அடியில் இருக்கும் ஓவியத்தையும் முழுமையாக வரைந்துவிடுங்கள், ஏனெனில் புத்தகத்தில் பலூன் சுருங்கும்போது அந்த இடம் வெளியே தெரியும்.