ஈயக் குழாய் மாற்றிய அனுபவம்: நியூவார்க், சிகாகோ

நியூஜெர்சி மாநிலம் நியூவார்க்கில் வாடகைக்கு இருந்தபோது நடந்தது இது. குழாய்த் தண்ணீரில் ஈயம் (lead என்ற நச்சு உலோகம்) கலந்திருந்ததால் 2019 ஆகஸ்டில் நகராட்சி பாட்டில் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்தபோது வீட்டில் கைக்குழந்தை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "நல்லா கொதிக்க வெச்சு ஆறவெச்சா போதும்" என்றார். கிருமிக்கு அது சரி. ஈயம் கொதித்தால் போகாது. தண்ணீர் ஆவியாகச் சுண்டச் சுண்ட, மிச்சத் தண்ணீரில் ஈயத்தின் அளவு கூடத்தான் செய்யும். இதை அம்மாவுக்குப் புரியவைத்த பிறகு பால் பவுடர் கலக்க, சோறு வைக்க எல்லாவற்றுக்கும் பாட்டில் தண்ணீர்தான்.

நீர்த்தேக்கத்துத் தண்ணீரில் குறை இல்லை. தெருவின் பெரிய குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்புக் குழாய் ஈயம். அது அரிக்காமல் இருக்கத் தண்ணீரில் சேர்த்துவந்த ரசாயனம் பலன் தராமல் போய்விட்டது. பேஸ்மென்ட்டில் மீட்டருக்கு வரும் குழாயைச் சாவியால் சுரண்டிப் பார்த்தேன். மெத்தென்று சுரண்ட வந்தது, உள்ளே வெள்ளி போல் பளிச்சென்று இருந்தது, காந்தமும் ஒட்டவில்லை. சந்தேகமே இல்லை, ஈயம்தான்.

வீட்டுக்காரரோ போனை எடுக்கவே இல்லை. எங்களைக் காப்பாற்றியது நகர மன்றம் போட்ட சட்டம்: உரிமையாளரின் அனுமதிக்குக் காத்திருக்காமல் குழாயை மாற்றலாம். வாடகைக்காரர்கள் நிறைந்த ஊரில் இது இல்லாமல் எதுவும் நகர்ந்திருக்காது. முதலில் வீட்டு உரிமையாளரும் 1,000 டாலர் வரை கொடுக்க வேண்டும் என்றிருந்தது. நியூவார்க் இருக்கும் எசெக்ஸ் கவுன்டி (மாவட்டம் மாதிரி) 12 கோடி டாலர் கடன் திரட்டிக் கொடுத்ததும் அதுவும் இலவசமானது. மூன்று வருடத்துக்குள் 23,000 குழாய்களுக்கு மேல் மாற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டில் சில மணி நேர வேலைதான். ஈயம் வெளியே, செம்பு உள்ளே.

சிகாகோ பக்கம் இருப்பவர்களுக்கு எப்படிப் போகிறது?

*

சிகாகோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே 1986 வரை இணைப்புக் குழாய் ஈயத்தில்தான் இருக்க வேண்டும் என்று நகர விதியே இருந்தது! அதனால் ஏறத்தாழ 4 லட்சம் குழாய்கள். 2024-ல் வந்த மத்திய அரசு விதி, ஈயக் குழாய்களை மாற்றப் பெரும்பாலான ஊர்களுக்குப் பத்து வருடக் கெடு வைத்தது. எங்களுக்கு அதைவிட நீண்ட அவகாசம். எங்கள் பழைய வீட்டுக்கு ஒப்பந்ததாரர் சொன்ன தொகையைக் கேட்டுத் தலை சுற்றியது. தெருப்பக்கப் பாதியை மட்டும் மாற்றினால் என்ன?

*

வேண்டவே வேண்டாம். வெட்டும்போது மீதிக் குழாய் அதிர்ந்து, உள்ளே படிந்த ஈயம் உதிரும்; கொஞ்ச காலம் தண்ணீரில் ஈயம் முன்பைவிட ஏறலாம். மாற்றினால் முழுசாக மாற்றுங்கள். அதுவரை ஈயம் நீக்குவதற்கான என்எஸ்எஃப் 53 (NSF 53, தண்ணீர் ஃபில்டர்களுக்கான தரநிலை) சான்று உள்ள ஃபில்டர் வையுங்கள், சமையலுக்கு வெந்நீர்க் குழாயைத் திறக்காதீர்கள். புதுக் குழாய் வந்த பிறகும் தண்ணீரை நன்றாக ஓடவிட்டு, குழாய் முனையின் வலையைக் கழற்றிக் கழுவிவிடுங்கள்.